நல்லெண்ணெய் பூசிய குண்டுகள்

என் மனைவி இறந்த எட்டாம் நாள், அவளுக்கான படையலில் ஆறு ஈயக் குண்டுகளை வைத்தேன். எட்டுச் செலவன்று இறந்தவர் விரும்பியவற்றை வாழையிலையில் படைப்பது யாழ்ப்பாணத்தவரான எங்கள் வழக்கம். சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு வைப்பார்கள். குடித்தவருக்குச் சாராயமும் வைப்பார்கள். ஆசாரமானவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே தவிர, தடுப்பதில்லை. ஒஸ்லோவில், புருசெத்தின் அடுக்குமாடிகளுள் ஒன்றில், எங்கள் வரவேற்பறைத் தரையில் விரித்த இலையில், உழுந்து வடைக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்கும் நடுவே அந்த ஆறும் சாம்பல் நிறத்தில் நிமிர்ந்து நின்றன. அவற்றை வார்த்தவன் நான். சுடவேண்டியவள் அவள்.

மனைவியின் தங்கை பேர்கனிலிருந்து வந்து, மூன்று நாட்களாக எங்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். பாயாசத்தோடு வந்தவள் இலையைக் கண்டு நின்றுவிட்டாள்.

"அத்தான், இதென்ன?"

"குண்டு."

"அது எனக்குத் தெரியுது. சாப்பாட்டுக்கு நடுவிலை ஏன் கிடக்கு எண்டு கேக்கிறன்."

"அக்காவுக்கு விருப்பமானதை வைக்கச் சொன்னது நீர்தானே."

"ஐயோ, நான் பயத்தம் பணியாரத்தையெல்லோ சொன்னனான்!" அவள் குனிந்து அவற்றைப் பொறுக்கக் கையை நீட்டினாள்.

"எடுக்கவேண்டாம்" என்றேன். என் குரல் உயரவில்லை. ஆனால் அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சனம் என்ன சொல்லும், அத்தான்? துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த ஆக்கள் நாங்கள்."

"உம்மடை அக்கா பயந்து வந்தவ இல்லை."

குண்டுகள் இலையிலேயே இருந்தன. தேவாரம் பாடினோம். தீபம் காட்டும்போது மைத்துனி அந்தப் பக்கத்தைப் பாராமல் காட்டினாள்.

துவக்குக்குப் பயந்து வந்தவர்கள் என்ற அந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் முதலில் சொன்னவன் நான்தான். இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில காலம் சென்றிருந்தது. மனைவி ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். அங்கே அவளோடு ஒரே வேலைநேரத்தில் இருந்த நோர்வேக்காரி ஒருத்தி, சனிக்கிழமைகளில் காட்டோரத்திலிருந்த ஒரு சூட்டுத்திடலில் பழங்காலத் துவக்குகளைச் சுடுபவள். ஒரு சனிக்கிழமை என் மனைவியையும் கூட்டிப்போனாள். திரும்பி வந்தவளின் தலைமுடியில் கந்தக மணம் வீசியது. முகத்தில் நான் நெடுநாள் காணாத நிறம் இருந்தது.

"துவக்குக்குப் பயந்துதானே வந்தனாங்கள். இப்ப நீர் அதைத் தேடிப் போறீரோ?" என்றேன்.

"பயந்து வந்தது நீங்கள். நான் கோபத்திலை வந்தனான்" என்றாள்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் பதினேழு ஆண்டுகள் இரசாயனவியல் கற்பித்தவன். முதுமாணிப் பட்டம் பெற்றவன். ஒஸ்லோவில் ஒரு பாடசாலையின் ஆய்வுகூடத்தில் குடுவைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். வாதத்தில் தோற்பது எனக்குப் பழக்கமில்லை. அன்று தோற்றேன்.

அவள் விரும்பியது எங்கள் ஊரில் நாங்கள் கண்ட துவக்கு அன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நோர்வேயில் செய்த இரகம். பக்கவாட்டிலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் குழலின் பின்புறத்தில் மருந்தறை மேலெழும்பும். அதற்குள் கறுப்பு வெடிமருந்தை அளந்து கொட்டி, மேலே ஈயக் குண்டை அழுத்தி, கைப்பிடியைத் திருப்பினால், அறை இறங்கி முன்னகர்ந்து குழலோடு பொருந்தும். ஒருமுறை சுடுவதற்கு ஒரு நிமிடமாவது செல்லும். அந்த நிமிடந்தான் அவளுக்குப் பிடித்தது. "யோசிக்க நேரம் தாற துவக்கு" என்பாள்.

தனக்கென ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்னையும் அழைத்துக்கொண்டு ஒரு சேகரிப்பாளரின் வீட்டுக்குப் போனாள். மேசையில் நான்கு துவக்குகள் கிடந்தன. நான் முத்திரைகளை வாசித்தேன். மரத்தின் மினுக்கத்தைப் பார்த்தேன். குழலுக்குள் வெளிச்சம் பிடித்துத் துருவைத் தேடினேன். அவள் எதையும் வாசிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து, கண்ணை மூடி, பிறகு திறந்து, பார்வை எங்கே விழுகிறதென்று பார்த்தாள். நான்காவதைத் தோளில் வைத்தவள் இறக்கவில்லை. தோளில் பதியும் அதன் பிடிக்கட்டையை யாரோ இரண்டு விரலளவு அறுத்துக் குறுக்கியிருந்தார்கள். சேகரிப்பாளர் வெட்கப்பட்டு, அது கெடுக்கப்பட்ட துவக்கு என்றார். என் மனைவி ஐந்தடிக்கு மேல் ஒரு விரற்கடைகூட உயரமில்லாதவள்.

"இதைக் கெடுத்த மனுசன் எனக்காகத்தான் கெடுத்திருக்கிறான்" என்று தமிழில் என்னிடம் சொன்னாள்.

பிடிக்கட்டையைவிடப் பெரிய குறை ஒன்று அதில் இருந்ததை முதல்முறை சுட்டபோது அறிந்தோம். மருந்தறைக்கும் குழலுக்கும் இடையில் ஒரு கடதாசி நுழையும் இடைவெளி. அதன்வழியே சீறிய நெருப்பு அவளது இடது மணிக்கட்டில், காப்புக்கு மேலே, சுட்டுவிட்டது. அவள் துவக்கைக் கீழே போடவில்லை. போடக்கூடாதென்று அதற்குள் கற்றிருந்தாள். சூட்டுத்திடலை நடத்திய சங்கத்தில் இரும்பு வேலை தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டு, கைப்பிடியின் அச்சாணி தேய்ந்துவிட்டது, இனி இதைச் சுவரில் மாட்டலாம் என்றார்.

"எங்கடை சுவரிலை சாமிப்படம் இருக்கு. இடமில்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள் என்னைப் பார்த்து. நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அதனால் அந்தத் துவக்கைத் திருத்துவதென்று நானும் முடிவெடுத்தேன்.

அச்சாணியை மூன்று இடங்களில் வேணியர் அளவியால் அளந்து, படம் வரைந்து, ஒரு கடைசற்பட்டறையில் சற்றுத் தடித்த புதிய ஆணி ஒன்றைச் செய்வித்தேன். அது உள்ளே போக மறுத்தது. மசியைப் பூசுவது, நுழைத்துப் பார்ப்பது, மசி அழிந்த இடத்தைத் தேய்ப்பது, மறுபடி பூசுவது என்று நான்கு மாலைகள் போயின. ஐந்தாம் மாலை அவள் கைப்பிடியைத் திருப்பினாள். இடையில் வைத்த மெல்லிய கடதாசியை அறையும் குழலும் கவ்விப் பிடித்தன. இழுத்தபோது கிழிந்து வந்தது. அவள் என்னைப் பாராட்டவில்லை. தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்தாள். முப்பது ஆண்டு மணவாழ்வில் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது குண்டு. பழைய நூல்களில் சொல்லப்பட்ட அளவு எங்கள் குழலுக்குப் பொருந்தவில்லை. மெல்லிய ஈயக் கட்டி ஒன்றை எண்ணெய் தடவிக் குழலுக்குள் தள்ளி, மறுபுறம் எடுத்து, அதில் பதிந்த வரிகளை அளந்தேன். குழல், நூல் சொன்னதைவிடக் கால் மில்லிமீற்றர் அகன்றிருந்தது. நாங்கள் வாங்கிய அச்சை அதற்கேற்பத் தேய்ப்புப் பசையால் பெருப்பிக்கவேண்டி வந்தது. ஈயம் கூரை வேலைக்காரரிடமிருந்து கிடைத்தது. புகைபோக்கியைச் சுற்றிப் பொதியும் பழைய தகடு. நகத்தால் கீறினால் கோடு விழவேண்டும். விழாவிட்டால் அதில் வேறேதோ கலந்திருக்கிறது, நமக்கு ஆகாது.

சூட்டுத்திடலின் பின்னால், அகலக் கதவுள்ள ஒரு கொட்டிலில் வார்ப்பேன். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டின் மேனி சுருங்கி வரும். அதிகம் சூடேறினால் உறைபனி படிந்தாற்போல் வெளுக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள சிறு காலத்தில், ஒரே வேகத்தில், நிறுத்தாமல் வார்த்துக்கொண்டிருக்கவேண்டும். நான் பத்து வார்த்தால் அவள் நான்கை மறுபடி சட்டிக்குள் போடுவாள்.

"இதுக்கு இடுப்பிலை குழி."

"அது கண்ணுக்கே தெரியாது."

"உங்கடை கண்ணுக்கு. போன கிழமை சோத்துக்குள்ளை கிடந்த கல்லும் உங்கடை கண்ணுக்குத் தெரியேல்லை, பல்லுக்குத்தான் தெரிஞ்சது."

இனி நான் சொல்லப்போவது எங்கள் இருவரின் மடமை. கறுப்பு வெடிமருந்து எரிந்தால் குழலுக்குள் கரி படியும். அதை இளக்குவதற்காகக் குண்டின் வரிகளில் தேன்மெழுகோடு கொழுப்பைக் கலந்து பூசுவார்கள். சங்கத்தில் எல்லோரும் மாட்டுக் கொழுப்பைப் பயன்படுத்தினார்கள். அவள் சைவக்காரி, மச்ச மாமிசமே தொடாதவள்.

"மாட்டுக் கொழுப்பிலை கைவைச்சிட்டு நான் எப்பிடி விளக்குக் கொளுத்திறது? தேங்காயெண்ணெய் போடுவம்" என்றாள்.

சமையலறையில் அது அருமையாக வந்தது. வெண்ணிறமாக, மென்மையாக, மணமாக இருந்தது. ஏப்ரல் மாதத்தில், திடலோரத்தில் பனி இன்னும் கரையாத ஒரு காலையில், அவற்றைக் கொண்டுபோனோம். பூச்சு கல்லாய் இறுகி, விரல் பட்டவுடன் செதில் செதிலாக உதிர்ந்தது. ஆறாவது சூட்டுக்குள் குழல் கரியால் அடைத்துவிட்டது. குண்டுகள் பக்கவாட்டில் புரண்டு போய், இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதிலாக நீளப் பிளவுகளை இட்டன. சலவைக்கூடத் தோழி தாளைப் பார்த்துவிட்டு, கோடரியால் கொத்தினீர்களா என்று கேட்டாள்.

கொழுப்புகளின் உருகுநிலையைப் பதினேழு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். வீடு திரும்பும் சுரங்க ரயிலில் அவள்தான் முதலில் சிரித்தாள்.

"இஞ்சேருங்கோ, தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்திலை மாரி முழுக்கச் சுடுதண்ணிக்குள்ளை வைச்செல்லோ எடுக்கிறனாங்கள்! தினமும் பாக்கிறம். இதுக்கோ உங்களுக்குப் பட்டம் தந்தவங்கள்?"

"உமக்கும் தெரியேல்லைத்தானே."

"எனக்குப் பட்டம் தரேல்லையே."

வழியில் குறொன்லாண்ட் நிலையத்தில் இறங்கினோம். கடையில் நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்று வாங்கினோம். அது குளிரிலும் உறையாது. மெழுகை எவ்வளவு கலப்பதென்று அறிய அந்த இளவேனில் முழுவதும் சென்றது. பிறகு அவளுடைய குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழத் தொடங்கின. அவள் சுடும்போதெல்லாம் புகையோடு தோசைக்கல்லின் மணம் திடலெங்கும் பரவியது. யாரோ எதையோ பொரிக்கிறார்கள் என்று முதலில் மூக்கைச் சுளித்தவர்கள், அவளுடைய தாள்களைக் கண்டபின், சிறு டப்பாக்களோடு எங்களிடம் வந்தார்கள். மாட்டுக் கொழுப்புக்காரரில் மூவர் நல்லெண்ணெய்க்கு மாறினார்கள். அவள் அதை ஒரு மதமாற்றமாகவே கருதினாள்.

நான் ஒருபோதும் சுடவில்லை. வார்ப்பேன், அளப்பேன், பூசுவேன்; துவக்கின் விசையில் விரல் வைப்பதில்லை. அவளும் வற்புறுத்தியதில்லை.

நோய் வந்து ஏழு மாதங்களில் அவள் போனாள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அதன்பின் எல்லோரும் எனக்கு நல்லது செய்ய முனைந்தார்கள். துணையிழந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து மெழுகுதிரி ஏற்றிக் கதைக்கும் ஒரு குழுவுக்கு என்னை வரச்சொன்னார்கள். நன்றி கூறி மறுத்தேன். ஸ்ட்ரோம்மனில் வீடு வாங்கியிருந்த மகன், கீழ்த்தளத்தில் எனக்கென ஓர் அறையைப் பூசி வைத்தான். நான் அங்கே போய் இருக்கவேண்டும். அதற்கு முன், சங்கக் கட்டடத்தில் எங்கள் பெட்டகத்தில் பூட்டிக் கிடந்த துவக்கை விற்கவேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். நான் இரண்டையும் ஒரே சொல்லில் மறுத்தேன். அந்தக் கோடையில் சங்கத்தின் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்து, என் வயதில் பாதிகூட இல்லாதவர்களோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்து, எழுத்துப் பரீட்சையில் ஒரு பிழையும் விடாமல் தேறினேன். செய்தி பேர்கன் வரை போயிற்று. மைத்துனி தொலைபேசியில் அழைத்தாள்.

"அத்தான், ஆண்டுத் திவசம் முடிய முன்னம் நீங்கள் துவக்குச் சுடப் பழகிறியளாம்?"

"ஓம்."

"கலியாண வீட்டுக்குப் போறேல்லை, திருவிழாவுக்குப் போறேல்லை, இதுக்கு மட்டும் போவியளோ?"

"அதெல்லாம் கொண்டாட்டம். இது வேலை. செத்த வீட்டுக்காரர் வேலை செய்யக்கூடாதெண்டு எந்தப் புத்தகத்திலை கிடக்கு? எடுத்துக்கொண்டு வாரும், இருந்து வாசிப்பம்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். அன்றிரவு அவளுக்காக வருந்தினேன். என் பதிலுக்காக வருந்தவில்லை.

இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, நான் கொட்டிலில் வார்த்துக்கொண்டிருந்தபோது மகன் வந்து வாசலில் நின்றான்.

"அப்பா, ரெண்டு மணிக்குத் துவக்கைப் பாக்க ஒரு ஆள் வாறார்."

"ஆரைக் கேட்டு வரச்சொன்னனீ?"

"உங்களைக் கேட்டால் மாட்டன் எண்டுதானே சொல்லுவியள்."

"சரியாத்தான் விளங்கி வைச்சிருக்கிறாய்."

"பெட்டகத்தின்ரை திறப்பைத் தாங்கோ அப்பா. கரண்டியைக் கீழை வைச்சிட்டு என்னைப் பாருங்கோ."

"அச்சு ஆறிப்போம். நீ கதை, நான் கேக்கிறன்."

"ஈயம் நஞ்சு. என்ரை பிள்ளையள் உங்களிட்டை ஓடி வருகுதுகள்."

"அது நான் படிப்பிச்ச பாடம். கையுறை போட்டிருக்கிறன், கதவு திறந்துகிடக்கு, உடுப்பு மாத்தித்தான் உன்ரை வீட்டுக்கு வாறனான். மற்றக் காரணத்தைச் சொல்லு."

"என்ன மற்றக் காரணம்?"

"ஈயத்துக்காக நீ சனிக்கிழமை நித்திரையை விட்டிட்டு வந்திருக்கமாட்டாய்."

அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான். "நான் உங்கடை டொக்டரோடை கதைச்சனான். தனிய இருக்கிற ஆக்கள்... வயசான ஆம்பிளையள்... கிட்டத் துவக்கும் இருந்தால்..."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"விளங்குது. திறப்பு என்னட்டை இல்லை."

"அப்ப ஆரிட்டை?"

அதுவரை ஒருவருக்கும் சொல்லாததை அவனுக்குச் சொன்னேன். எட்டுச் செலவுக்கு மறுநாள் சுரங்க ரயிலேறி, அப்போது சங்கத்தின் செயலாளராக இருந்த அந்தச் சலவைக்கூடத் தோழியிடம் போய், பெட்டகத் திறப்பை, அதன் ஒரே சாவியை, கொடுத்தேன். ஏன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. "நீங்கள் கேட்டால் தருவேன். வேறு யார் கேட்டாலும் தரமாட்டேன்" என்றாள். அன்றிலிருந்து ஏழு மாதங்களாக, சுட முடியாத ஒரு துவக்குக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் குண்டு வார்த்துக்கொண்டிருந்தேன். குழியிருந்தவற்றை நானே மறுபடி சட்டிக்குள் போட்டேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றான் மகன்.

"சொன்னால் நீ பயந்திருப்பாய்."

"சொல்லாமலும் பயந்துகொண்டுதானே அப்பா இருந்தனான்."

கையுறைகளைக் கழற்றினேன். அவனையும் கூட்டிக்கொண்டு செயலாளர் இருந்த அறைக்குப் போய், திறப்பைத் தரும்படி கேட்டேன்.

அவள் மகனைப் பார்க்கவில்லை. என்னை நீண்ட நேரம் பார்த்தாள்.

"உறங்குகிறீர்களா?"

"ஆறு மணித்தியாலம்."

"சாப்பாடு?"

"நானே சமைக்கிறேன். நன்றாக இருக்கிறதென்று சொல்லமாட்டேன்."

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து, திறப்பை என் உள்ளங்கையில் வைத்தாள். "இன்றைக்கு நான் பக்கத்தில் நிற்பேன். அது சங்கத்தின் விதியல்ல. நான் நிற்க விரும்புகிறேன்."

ஐம்பது மீற்றர் தூரம். அவளுடைய உயரத்துக்கு அறுத்த பிடிக்கட்டை என் தோளுக்கு எட்டாமல், சிறுபிள்ளையின் கதிரையில் உட்கார்ந்தவன்போல் நான் மடங்கவேண்டியிருந்தது. மருந்தை அளந்து கொட்டினேன். குண்டை அழுத்தினேன். கைப்பிடியைத் திருப்பினேன். பரீட்சையில் எழுதிய விடைகளுள் ஒன்றும் நினைவில் இல்லை. நூற்றுக்கணக்கான தடவை அவள் கைகளைப் பார்த்தது மட்டும் இருந்தது. விசையை அழுத்தியபோது தோளெலும்பில் யாரோ உலக்கையால் இடித்தாற்போல் இருந்தது. வெண்புகை எல்லாவற்றையும் மறைத்தது. புகை கலையும்வரை காத்திருந்து, மறுபடி அளந்து கொட்டினேன். ஐந்து முறை.

மகன் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான்.

"ரெண்டு தாளிலை பட்டிருக்கு. ஓரத்திலை. மற்ற மூண்டும் எங்கை எண்டு கடவுளுக்குத்தான் தெரியும்."

"பின்னாலை மண்மேடு இருக்கு. அதுக்கும் தெரியும்."

"அம்மா எண்டால் அஞ்சும் நடுக் கறுப்பு வட்டத்துக்குள்ளை."

"ஓம்" என்றேன். "நான் அம்மா இல்லை."

அவன் தள்ளிப்போய் நின்று யாருக்கோ தொலைபேசி எடுத்தான். துவக்கு விற்பனைக்கில்லை என்றும், அலைக்கழித்ததற்கு மன்னிக்கவேண்டுமென்றும் நோர்வேஜிய மொழியில் சொல்வது கேட்டது. அப்படிச் சொல்லும்படி நான் அவனிடம் கேட்கவில்லை.

திரும்பி வந்து, "கீழ் அறை..." என்று தொடங்கினான்.

"ஞாயிறு சாப்பாட்டுக்கு வாறன். இருக்க வரமாட்டன்."

"திறப்பு?"

"என்னட்டை இருக்கும்."

அவன் என் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "எப்பவாவது திரும்பக் குடுக்கவேணும்போலை இருந்தால் எனக்கும் சொல்லுவியளோ?"

"சொல்லுவன்."

"சத்தியமா?"

"நான் சொன்னால் சொன்னதுதான்."

"அப்ப சனிக்கிழமையிலை காரிலை கொண்டுவந்து விடட்டே?"

"ரயில் ஓடுது. பாக்க வாறதெண்டால் வா. சுடேக்கை கதைக்கக்கூடாது."

கறுப்பு மருந்து சுட்ட குழலை அன்றே கொதிநீரால் கழுவவேண்டும். தவறினால் மறுநாளே துரு பிடிக்கும். செயலாளரின் அறையில் தண்ணீர் கொதித்த கேத்திலை மகன் தூக்கிக்கொண்டு வந்தான். நான் குழலைச் சரித்துப் பிடித்தேன். அவன் ஊற்றினான். மறுமுனையால் தண்ணீர் கரியாக வந்தது. இரண்டாம் முறையும் கரியாகவே வந்தது. மகன் கேத்திலை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

"இன்னும் ஊத்து" என்றேன்.